சாயக்குண்டுப் போரும் அதன் அறமும்

துப்பாக்கி ஏந்திப் பொருதும் விளையாட்டொன்றில் நீதியைத் தேடப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். எனினும், பெயிண்ட்பால் என்னும் சாயக்குண்டு விளையாட்டைப்பற்றி, அதிலும் சிறப்பாகப் படைவீரரைப்போல் உடுத்து, அணி வகுத்து, தலைவன் ஆணைக்குட்பட்டுக் காட்டிலும் மேட்டிலும் நாள் முழுதும் நிகழ்த்தும் போர்முறை ஆட்டத்தைப்பற்றி, யாம் சில சொல்ல விரும்புகின்றோம். அவ்வாட்டத்தில் விதி மீறியவன் தன் செயலுக்குக் காட்டும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றே. “இது போரைப்போன்ற ஆட்டம், போரில் விதி ஏது?” என்பான். இக்கூற்று ஆட்டத்தைப்பற்றியும் பிழை, போரைப்பற்றியும் பிழை என்பது எமது துணிபு.

ஆட்டத்தின் வரலாறு நெடிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஹெனிக்கர் என்னும் ஊரிலுள்ள காட்டில் 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள் பன்னிருவர் கூடி முதலாட்டம் ஆடினர். நியூயார்க் நகரத்துப் பங்கு வாணிபரான ஹேய்ஸ் நோயல் என்பாருக்கும் நூலாசிரியரான சார்லஸ் கெயின்ஸ் என்பாருக்கும் இடையே ஒரு வாதம் நடந்துவந்தது. நகரத்துப் போட்டியில் தேறியவன் காட்டிலும் பிழைத்துக்கொள்வானா, அன்றிக் காடறிந்தவனே அங்கு வெல்வானா என்பது அவ்வாதம். பாப் கர்ன்சி என்பாரும் அவர்களோடு கூடினார், ஆட்டம் உருவாயிற்று. கருவி புதிதன்று. வெட்டவேண்டிய மரங்களுக்கும் பிரித்தறிய வேண்டிய மாடுகளுக்கும் தொலைவில் நின்றே அடையாளமிட நெல்சன் பெயிண்ட் கம்பெனியார் விற்றுவந்த ‘நெல்ஸ்பாட் 007’ என்னும் கைத்துப்பாக்கியே அது. இன்றும் இவ்வாட்டத்துக் கருவிக்கு ‘மார்க்கர்’, அஃதாவது அடையாளமிடுவது, என்பதே பெயர். அன்று வென்றவர் ரிச்சி ஒயிட் என்னும் வனத்தொழிலர்; அவர் ஒரு குண்டேனும் சுடாமலே வேண்டிய கொடிகளைச் சேர்த்துக்கொண்டு காட்டைவிட்டு வெளியே வந்தார். இவ்வாட்டத்தின் முதல் வெற்றி சுட்டுப் பெற்ற வெற்றியன்று என்பதை இக்காலத்து அன்பர் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

தனித்தனியே ஆடிய ஆட்டம் பின்னர் அணியாட்டமாயிற்று. அதனின்றும் போர்முறை ஆட்டம் கிளைத்தது. ஓக்லஹாமா மாகாணத்து வயன்டாட் என்னும் ஊரில் 1997ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டு நடைபெற்ற பேராட்டமொன்றில், 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய நிகழ்ச்சியை ஒத்து, ஆயிரக்கணக்கானோர் இருதிறத்தாராய்ப் பிரிந்து பொருதனர். இத்தகைய ஆட்டங்களில் தளபதிகள் உண்டு, தூதர் உண்டு, பட்டவனின் சாயத்தைத் துடைத்து அவனை மீண்டும் ஆடச்செய்யும் மருத்துவரும் உண்டு. இவையெல்லாம் நடிப்பென்பதை யாவரும் அறிவர். ஆயினும் உடுப்பும் ஆணையும் ஆரவாரமும் சேர்ந்து, தாம் விளையாடுகின்றோம் என்பதையே சிலர் மறக்கும்படி செய்துவிடுகின்றன.

சாயக்குண்டு 0.68 அங்குல விட்டமுள்ளது. ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ளது. மருந்துக்கடையில் விற்கும் மீனெண்ணெய் மாத்திரையைப்போல் மேலே ஜெலட்டின் தோலும் உள்ளே நீரிற் கரையும் சாயமும் உடையது. அழுத்திய காற்றாலேனும் கரியமில வாயுவாலேனும் செலுத்தப்பெற்று உடலிற் பட்டு உடையுமாயின், நாணயத்தளவு கறை படியும். அக்கறை படிந்தவன் பட்டவன். அவன் ஆட்டத்தினின்றும் விலகவேண்டும். உடையாது தெறித்துப் போன குண்டு பெரும்பாலும் கணக்கில் இல்லை. அருகிலுள்ள மரத்தில் உடைந்து சிதறிய துளிகளும் கணக்கில் இல்லை. செந்நிறச் சாயத்தைப் பல களங்களில் அனுமதிப்பதில்லை. சாயமோ குருதியோ என்று நடுவர் மயங்கி நிற்றல் ஆகாது என்பது அதற்குக் காரணம்.

இனி, பட்டவன் செய்யவேண்டுவது யாது? “பட்டேன்” என்று உரக்கக் கூவி, கையையேனும் மார்க்கரையேனும் தலைக்கு மேல் உயர்த்தி, குழலுறையை மாட்டிக்கொண்டு, குறித்த வழியே களத்தைவிட்டு நடக்கவேண்டும். அவ்வளவே. ஆனால் இவ்வாட்டம் முழுவதும் அச்சிறு செயலின்மேல் நிற்கின்றது. கிரிக்கெட்டில் பந்து தன் மட்டையின் விளிம்பில் உராய்ந்ததைத் தானறிந்த ஆட்டக்காரன் நடுவர் விரல் உயர்த்துமுன்னரே வெளியேறுவதுண்டு. வெளியேறாது நிற்பதும் உண்டு. வெளியேறுவானாயின் அது பெருந்தன்மை, நிற்பானாயின், நடுவர் இருபது கஜத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருந்து தீர்ப்பளிப்பார், ஆட்டம் நடைபெறும். காட்டில் அவ்வாறன்று. நூற்றுக்கணக்கானோர் பல ஏக்கர் நிலத்தில் மறைந்தும் தவழ்ந்தும் ஆடும்பொழுது, ஒவ்வொரு புதருக்கும் ஒரு நடுவரை நிறுத்த இயலுமோ? அங்கே பட்டவனே சாட்சி, பட்டவனே நீதிபதி. கிரிக்கெட்டில் அணிகலமாயிருக்கும் நேர்மை இங்கே அஸ்திவாரமாகின்றது.

அஸ்திவாரம் என்று யாம் சொல்வது வீண் புகழ்ச்சியன்று. அது பெயர்ந்தால் எவ்வாறு கட்டடம் சரிகின்றது என்பதைப் பார்ப்போம். ஒருவன் தோளிற் பட்டது. குனிந்து, சட்டைக்கையால் சாயத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவன்போலத் தொடர்ந்து ஆடுகின்றான். இதனை ‘துடைத்தல்’ என்றே ஆட்டக்காரர் அழைப்பர். இவ்வாட்டத்தில் இதனினும் இழிந்த குற்றம் இல்லை. சுட்டவன் தன் குண்டு உடைந்ததைக் கண்டான். பட்டவன் நின்று ஆடுவதையும் கண்டான். அடுத்த முறை அவன் ஒன்றோடு நிற்கமாட்டான், ஐந்து சுடுவான். மறைக்க முடியாத அளவு சாயம் பூசுவதே தன் கருத்து என்பான். ஐந்து பட்டவன் நோவினால் வெகுண்டு, தன் எதிரே வரும் வேறொருவன்மேல் பத்துச் சுடுவான். அவ்வேறொருவனோ முதலிற் பட்டபொழுதே கையை உயர்த்தியவன்! இவ்வாறு ஒருவன் துடைத்த சாயம் நண்பகலுக்குள் களம் முழுவதும் பரவிவிடும். மிகையாகச் சுடுவோரைக் கண்டிப்பவர் பலர். அவர்களை மிகையாகச் சுடத் தூண்டுவது எது என்று வினவுவோர் சிலர். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது எமக்குத் தெளிவு. முதுகிற் பட்டதை உணராது சிறிது நேரம் ஆடியவனை இக்கணக்கிற் சேர்த்தல் கூடாது. அடர்த்தியான உடுப்பினூடே படும் குண்டு உணரப்படாமற் போதல் உண்டு. அவ்வாறு ஐயமுள்ள இடத்து நடுவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லும் வழி எக்களத்திலும் இருக்கின்றது. அதனைக் கேட்பது ஒருவனைப் பொய்யனென்று சொல்வதாகாது.

கருவிகளின் வளர்ச்சியும் இந்நோயை முதிர்வித்தது. முதலாட்டத்துக் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளவேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்விசைக் கருவிகளோ, இருநூறு குண்டு கொள்ளும் கலத்தைத் தலையில் தாங்கி, விநாடிக்குப் பத்துக்கு மேலும் பொழிய வல்லன. ஆதலின் போட்டியாட்டங்களில் விநாடிக்கு இத்தனை என்று வரம்பு கட்டவேண்டியதாயிற்று. போர்முறை ஆட்டக்காரருள் ஒரு சாரார் இதற்கு வேறு மருந்து கண்டனர். உண்மைத் துப்பாக்கியைப்போலச் சிறு உறையில் ஏறக்குறைய இருபது குண்டே கொள்ளும் மார்க்கர்களைக் கொண்டு ஆடுவதே அது. பையிலுள்ள குண்டுகளை எண்ணிச் சுடுபவன் பட்டவன்மேல் மேலும் நான்கு குண்டுகளை வீணாக்க எண்ணான். விதி செய்யாததைச் சிக்கனம் செய்கின்றது! இம்முறை மேன்மேலும் பரவுதல் நன்றென்போம்.

சுடும் விதிகளுள் தலையாயது வேகத்தைப்பற்றியது. குரோனோகிராப் என்னும் வேகமானியின் முன் ஒவ்வொரு மார்க்கரையும் சுட்டு அளந்த பின்னரே களத்துள் விடுவர். விநாடிக்கு 300 அடி என்பது பெருவழக்கான மேல்வரம்பு. நெருங்கி ஆடும் களங்களில் இதனினும் குறைப்பர். அளந்தபின் திருகாணியைச் சற்றே முடுக்கி வேகத்தைக் கூட்டிக்கொள்வோர் உண்டு. “ஐம்பது அடிதானே கூட்டினேன்” என்பர். பௌதிகம் பயிலும் நம் மாணவர் இதற்கு விடை கூறுவர்: தாக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 300 அடியை 350 ஆக்கினால் வேகம் ஆறிலொரு பங்கே கூடினும், ஆற்றல் 36 சதவீதம் கூடிவிடும். 300 அடி வேகத்திற் செல்லும் 3 கிராம் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 12 ஜூல். முகக்கவசமற்ற கண்ணை ஒரு நொடியிற் குருடாக்க அதுவே போதும். களத்தில் எவ்வளவு வியர்த்தாலும், கவசத்தின் கண்ணாடியில் எவ்வளவு ஆவி படர்ந்தாலும், அதனைக் கழற்றலாகாது என்னும் விதிக்கு விலக்கே இல்லாமை இதனாலாம். வேகத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. கரியமில வாயுவால் இயங்கும் கருவியில் வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தமும் ஏறும். காலைக் குளிரில் வரம்புக்குள் அடங்கிய மார்க்கர், எவரும் கைவையாமலே, உச்சிவேளையில் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே காலையில் ஒருமுறை அளந்ததோடு கடமை தீர்ந்ததென்று களத்தார் எண்ணுதல் தகாது.

பாராது சுடுதல் என்பது அடுத்த குற்றம். மரத்தின் பின்னே தலையை மறைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் சுடுபவன், தன் குழலின் முன்னே நிற்பவன் பகைவனோ, நடுவரோ, கவசம் நழுவி நிலத்தில் அமர்ந்திருப்பவனோ என்பதை அறியான். இதனைப்பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை.

நெருங்கிய இடத்துச் சுடுதலைப்பற்றியோ உண்மையான கருத்து வேற்றுமை உண்டு. பத்தடித் தொலைவை 300 அடி வேகக் குண்டு ஒரு விநாடியின் முப்பதிலொரு பங்கிற் கடந்துவிடும்; பட்ட இடம் பல நாள் கன்றியிருக்கும். ஆதலின் பத்தடி முதல் இருபதடிக்குள் எதிரியைக் கண்டவன் சுடாது “சரணடைக” என்று கூறவேண்டும் என்பது பல களங்களின் விதி. சிலவிடங்களில் எதிரி கட்டாயம் இணங்கவேண்டும், சிலவிடங்களில் மறுக்கலாம். கட்டாய விதியை யாம் ஆதரிக்கவில்லை. ஏனெனில், புதரினின்றும் பாய்ந்து, ஐவரைப் பார்த்து ஒரே மூச்சில் “சரணடைக” என்று கூவிவிட்டு ஐவரையும் வென்றதாகச் சாதிக்கும் வாய்வீரரை அது உண்டாக்குகின்றது. ஒருவன் ஒருவனையே, குறியைத் தவறாது நிறுத்தியபின், சரணடையக் கேட்கலாம். கேட்கப்பட்டவன் இணங்கினால் இருவருக்கும் நோவில்லை. மறுத்துத் திரும்பினால் சுடப்படுவான், ஒரே குண்டு போதும், அவன் குறைகூற இடமில்லை. இதுவே நியாயமென்று எமக்குத் தோன்றுகின்றது. இதனால் ஆட்டம் மென்மையாகிவிடுகின்றது என்பாரும் உளர். எதிரியின் முதுகுக்குப் பின்னே பத்தடி வரை ஓசையின்றிச் செல்வதே ஆண்மையும் அறிவும் வேண்டும் செயல். அங்குச் சென்றபின் விசையை அழுத்துவதில் என்ன திறமை இருக்கின்றது?

“போரில் விதி ஏது?” என்றவனுக்கு இனி விடை கூறுவோம். 1899ஆம் ஆண்டிலும் 1907ஆம் ஆண்டிலும் ஹேக் நகரில் நாடுகள் கூடி இயற்றிய தரைப்போர் ஒழுங்கில், படைக்கலத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த பகைவனைக் கொல்லுதலும் காயப்படுத்தலும் விலக்கப்பட்டன. எவரையும் உயிருடன் விடோம் என்று சாற்றுதலும் விலக்கப்பட்டது. போரிடும் ஆற்றலிழந்தவரைக் காக்கும் விதிகளை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் விரித்துரைத்தன. தோற்றுப் புறங்கொடுத்தார்மேற் படைக்கலம் செலுத்தாமையைத் தழிஞ்சி என்னும் துறையாகப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்திருத்தலை நம் தமிழ் வகுப்பினர் அறிவர். இவ்விதிகள் மீறப்பட்டதில்லையோ எனின், பலகாலும் மீறப்பட்டன; ஆனால் மீறினவன் குற்றவாளி எனப்பட்டானேயன்றி வீரன் எனப்படவில்லை. உண்மைப் போரில் உயிருக்கஞ்சி நிற்பவனுக்கே இவ்விதி உண்டெனில், மாலையில் வீடு திரும்பிக் குளித்து உண்ணப்போகும் விளையாட்டு வீரன் அதனைத் தள்ளிவிட என்ன உரிமை உடையான்?

இவ்வொப்புமை வெறும் பேச்சுக்காகச் சொல்லப்பட்டதன்று. ‘இறந்தோன் நடை’ என்று ஆட்டக்காரர் கூறும் ஒரு தந்திரத்தை நோக்குக. ஒருவன் பட்டவனைப்போல மார்க்கரைத் தாழ்த்தி, தளர்ந்த நடையாய்ப் பகைவர் அணியினூடே செல்வான். பட்டு வெளியேறுபவனென்று எண்ணி அவர்கள் வழிவிடுவர். பின்புறம் சேர்ந்தவுடன் திரும்பி அனைவரையும் சுடுவான். “யான் கையை உயர்த்தினேனா? பட்டேன் என்று கூவினேனா? பொய்யே சொல்லவில்லையே! அவர்கள் தாமாக ஏமாந்தனர்” என்பது அவன் வாதம். இதனைச் சாமர்த்தியமென்று மெச்சுவோரும் சிலர் உளர். ஆனால் போர்ச்சட்டம் இவ்விடத்தில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காண்கின்றது. பதுங்கியிருத்தல், இலைதழைகளால் உடலை மறைத்தல், பொய்யான படைநகர்வைக் காட்டி மயக்குதல் ஆகியவை தந்திரம், அவை தக்கனவே. பகைவன் தன் இரக்கத்தாலும் சட்டத்துக்கு அடங்குதலாலும் தரும் பாதுகாப்பைப் பற்றிக்கொண்டு அவனையே தாக்குதல் வஞ்சகம், அது தகாது. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட முதல் ஒப்பந்தத்தின் 37ஆம் பிரிவு, காயமுற்று ஆற்றலிழந்தவன்போல் நடித்தலை வஞ்சகத்துக்கு உதாரணமாகவே எடுத்துக்காட்டுகின்றது. இறந்தோன் நடை அதுவன்றி வேறென்ன?

அதன் பயனையும் எண்ணுக. ஒருமுறை அவ்வாறு ஏமாந்த அணியார், அடுத்த முறை உண்மையிலேயே பட்டுத் தளர்ந்து வருபவனுக்கு வழிவிடுவரோ? அவனையும் சுடுவர். அவனோ ஆட்டம் முடிந்ததென்று மனம் நெகிழ்ந்து வருபவன். கவசத்தில் கைவைத்தாலும் வைத்திருப்பான். தந்திரம் செய்தவன் அப்பொழுது அங்கே இரான். துன்பம் அவன் தோழனுக்கே நேரும். ஆதலின், கை உயர்த்தினாலன்றிக் குற்றமில்லை என்று இதற்கு இடந்தரும் களங்கள் தம் விதியை மாற்றவேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். மருத்துவர் என்னும் பெயரால் சாயத்தைத் துடைக்கும் உரிமை பெற்றவர், எண்ணிக்கைக்கு மேல் துடைத்தலும் இதனோடு ஒத்த குற்றமே.

ஜப்பானில் தோன்றிப் பல நாடுகளிற் பரவிய ஏர்சாப்ட் என்னும் ஆட்டத்தை ஒப்பிட்டால் மற்றொன்று விளங்கும். அதில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணிகளைச் சுடுகின்றனர், ஆற்றலை 0.98 ஜூலுக்கு மேற்படாதபடி அந்நாட்டுச் சட்டமே 2006ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. அம்மணி படும்பொழுது எந்தக் கறையும் படிவதில்லை. சாட்சியே இல்லாத அவ்வாட்டம் பட்டவன் வாய்ச்சொல் ஒன்றையே நம்பி நடக்கின்றது. பட்டும் ஒப்புக்கொள்ளாதவனை அவர்கள் ‘ஜாம்பி’, அஃதாவது நடைப்பிணம், என்று எள்ளுவர். சாயக்குண்டு ஆட்டக்காரருக்கோ கறையென்னும் சாட்சி வாய்த்திருக்கின்றது. அதனாலேயே நேர்மை பெருகியிருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சாட்சியை அழிக்கும் கையும் உடன் தோன்றிவிட்டது.

தண்டனையைப்பற்றி ஒரு சொல். போட்டியாட்டங்களில் துடைத்தவனோடு அவன் தோழன் ஒருவனையும் சேர்த்து வெளியேற்றும் வழக்கம் உண்டு. சிற்றணிகளுக்கு இது பொருந்தும். தோழர்களே ஒருவனை ஒருவன் கண்காணிப்பர். நூற்றுவர் கொண்ட போர்முறை ஆட்டத்திலோ இது பயனற்றது. ஒருவரையொருவர் அறியாதார்க்குள் பொறுப்பு எங்ஙனம் எழும்? அங்கே துடைத்தவனை அந்நாள் முழுதும் களத்துக்கு வெளியே அமர்த்துவதே தகும். அவன் அணித்தலைவன் அதனைத் தானே அறிவிக்கவேண்டும். எதிரணியார் முறையிடும் வரை காத்திருத்தல் கூடாது. வேகமானியும் வாயிலோடு நில்லாமல் களத்தின் நடுவே உணவுக்கூடத்தருகிலும் ஒன்று இருக்கட்டும். உச்சிவெயிலில் மீண்டும் அளப்பதற்கு ஒரு மேசையும், முகம் பாராத ஒரு நடுவரும் போதும்.